ஆண்டெல்லையைக் கடக்கும் செலவுகள்: தனியாள் வணிகரின் கணக்கேட்டில் ஒரு நேர்மையின் வரலாறு

வணிகம் இடையறாது நடப்பது. கணக்காண்டோ மனிதர் தம் வசதிக்காக வகுத்துக்கொண்ட எல்லை. கடை வாடகை, காப்பீட்டுக் கட்டணம், வேலையாளின் சம்பளம், கடனுக்கான வட்டி ஆகியவை நாள்தோறும் சிறிது சிறிதாக ஏறிக்கொண்டே இருக்க, அவற்றுக்கான பணம் மட்டும் மாதத்துக்கு ஒருமுறையோ காலாண்டுக்கு ஒருமுறையோ ஆண்டுக்கு ஒருமுறையோதான் கைமாறுகிறது. ஆகவே, கூட்டாளிகளோ பங்குதாரர்களோ இன்றிச் சொந்த முதலிலும் சொந்தப் பொறுப்பிலும் தொழில் நடத்தும் தனியாள் வணிகர், ஆண்டின் கடைசி நாளில் கணக்கை முடிக்கும்போது இரு வகைச் செலவுகள் அந்த எல்லைக்கோட்டின்மேல் நிற்பதைக் காண்கிறார். அனுபவித்து முடித்தும் இன்னும் பணம் கொடுக்காதவை ஒரு வகை. பணம் கொடுத்தும் இன்னும் அனுபவிக்காதவை மற்றொரு வகை. முன்னதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் கொடுபட வேண்டிய செலவு என்றும் பின்னதை முன்கூட்டிச் செலுத்திய செலவு என்றும் குறிக்கின்றன. இலங்கைத் தமிழ்க் கணக்கீட்டில் அட்டுறு செலவு, முற்கொடுப்பனவு என்னும் சொற்கள் வழங்குகின்றன. வருமானத்திலும் இதே இரட்டை நிலை உண்டு: ஈட்டியும் கைக்கு வராத வட்டி ஒருபுறம், ஈட்டுவதற்கு முன்பே கைக்கு வந்துவிட்ட வாடகை மறுபுறம்.

இவற்றை உரிய ஆண்டில் சேர்ப்பதற்காக எழுதப்படுபவை சரிக்கட்டுப் பதிவுகள் எனப்படும். கணக்கியல் பயில்வோர் பலருக்கு இவை தேர்வுக்கு மனப்பாடம் செய்ய வேண்டிய விதிகளாகவும், சிறு வணிகர்களுக்கு ஆண்டிறுதியில் கணக்காளர் செய்து தரும் ஏதோ ஒரு திருத்தமாகவும் மட்டுமே தெரிகின்றன. ஆனால், இப்பதிவுகளைப் பிறப்பித்தது சட்டமன்று, வரி அலுவலகமுமன்று. ஓராண்டின் சுமையை மற்றோராண்டின்மேல் ஏற்றக் கூடாது என்னும் நியாய உணர்விலிருந்து, தம் ஆதாயத்தின் உண்மையான அளவை அறிய விரும்பிய வணிகர்களின் கைகளில், அவை பிறந்தன. 700 ஆண்டுகளைத் தாண்டிய அந்த வரலாற்றைப் பின்தொடர்ந்தால்தான் இச்சிறு பதிவுகளின் பொருள் முழுமையாக விளங்கும்.

கிடைத்துள்ள சான்றுகளில் மிகப் பழமையானவற்றுள் ஒன்று, இன்று பிரான்சின் தென்பகுதியாக உள்ள புரோவான்ஸ் வட்டாரத்தின் சலோன் என்னும் ஊரில் எழுதப்பட்டது. இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்தைச் சேர்ந்த ஜொவான்னி ஃபரோல்ஃபி குழுமத்தார் நீம் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு வணிகம் செய்தனர்; ஆர்ல் நகரின் பேராயர் அவர்களிடம் கடன் பெற்ற முதன்மையான வாடிக்கையாளர். சலோன் கிளையின் 1299–1300ஆம் ஆண்டுப் பேரேட்டை எழுதியவர் அமத்தீனோ மனுச்சி என்னும் கூட்டாளி. பேரேடு என்பது ஒவ்வொரு நபருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு செலவுக்கும் தனித்தனிக் கணக்குத் திறந்து வைக்கப்படும் தலைமை ஏடு. ஒரு கணக்கில் பற்றாக எழுதப்படும் தொகை மற்றொரு கணக்கில் வரவாகவும் எழுதப்படும் இரட்டைப்பதிவு முறை, இந்த ஏட்டில் ஏறத்தாழ முழு வடிவம் பெற்றிருப்பதைக் கணக்கியல் வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். மனுச்சி எழுதிக்கொண்டிருந்த அதே 1299ஆம் ஆண்டில்தான், ஃபுளோரன்ஸ் நகர நாணய மாற்றுவோர் சங்கம் தன் உறுப்பினர்கள் கணக்கேடுகளில் இந்திய-அரபு எண்களைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை விதித்தது. எண்களை எழுதும் முறையே இன்னும் நிலைபெறாத அந்தக் காலத்தில், செலவு எந்தக் காலத்துக்கு உரியது என்னும் கேள்வி தெளிவான விடை பெற்றுவிட்டது என்பது வியந்து போற்றத்தக்கது.

அந்த விடை ஒரு வாடகைப் பதிவில் இருக்கிறது. சலோன் கிளை தான் இருந்த கட்டடத்துக்கு 4 ஆண்டு வாடகையாக 16 லிவ்ர் தொகையை முன்னதாகவே செலுத்தியிருந்தது. லிவ்ர் என்பது அக்கால நாணயக் கணக்கின் பேரலகு. 12 காசு கொண்ட சிறு அலகுகள் 20 சேர்ந்தது ஒரு லிவ்ர். கல்லாவிலிருந்து வெளியேறிய 16 லிவ்ரையும் அந்த ஆண்டின் செலவாகவே மனுச்சி எழுதியிருக்கலாம். பணம் போனது உண்மைதான் என்பதால், அப்படி எழுதினாலும் ஏட்டின் இருபக்கமும் சமமாகவே இருந்திருக்கும். அவர் அவ்வாறு செய்யவில்லை. ஓராண்டு கழிந்ததும் 4 லிவ்ரை மட்டும் நடப்புச் செலவுக்கு மாற்றினார். எஞ்சிய 12 லிவ்ரை இனி வரும் 3 ஆண்டுகளில் அனுபவிக்க வேண்டிய உரிமையாக ஏட்டில் நிறுத்திவைத்தார். கொடுத்து முடித்த பணம் செலவாகவில்லை, சொத்தாகவே இருக்கிறது என்னும் நுட்பமான கருத்து அங்கே ஒரே வரியில் செயல்பட்டிருக்கிறது. இன்று இருப்புநிலைக் குறிப்பின், அதாவது ஆண்டிறுதி நாளில் ஒரு தொழிலுக்குள்ள சொத்துகளையும் பொறுப்புகளையும் எதிரெதிரே காட்டும் பட்டியலின், சொத்துப் பக்கத்தில் முன்கூட்டிச் செலுத்திய வாடகை என்று எழுதும் எவரும் மனுச்சி செய்த அதே செயலைத்தான் செய்கிறார்.

இத்தகைய கவனம் முதலில் கூட்டு வணிகத்தில் தோன்றியதற்குக் காரணம் உண்டு. ஆதாயம் பங்கிடப்படும் இடத்தில் ஓராண்டின் செலவைக் கூட்டிக் காட்டினால் அந்த ஆண்டின் பங்காளி இழக்கிறார். குறைத்துக் காட்டினால் பின்னால் வரும் பங்காளி இழக்கிறார். 4 ஆண்டு வாடகையையும் முதலாண்டிலேயே ஏற்றிவிட்டு, அந்த ஆண்டோடு விலகும் ஒருவருக்குக் கணக்குத் தீர்த்தால், அவர் தாம் குடியிராத 3 ஆண்டுகளுக்கும் வாடகை கொடுத்தவராகிவிடுவார். முன்கூட்டிச் செலுத்தியதைப் பிரித்து வைப்பது, ஏட்டின் அழகுக்காக அன்று, மனிதர்களுக்கிடையே நியாயம் பேணுவதற்காகவே தேவைப்பட்டது.

முன்செலுத்தலின் மறுபக்கமான கொடுபட வேண்டிய செலவுக்குச் சான்று, பிராட்டோ நகரத்து வணிகர் பிரான்செஸ்கோ தத்தீனியின் ஏடுகளில் கிடைக்கிறது. 1410இல் மறைந்த தத்தீனி தம் தாள்களையெல்லாம் பாதுகாக்கும் வழக்கம் உடையவர். 1870இல் அவருடைய வீட்டிலிருந்து வெளிப்பட்ட ஏறத்தாழ 1,50,000 கடிதங்களும் 500க்கும் மேற்பட்ட கணக்கேடுகளும் இடைக்கால வணிகத்தைப் பற்றிய பெருங்களஞ்சியமாக விளங்குகின்றன. அவருடைய பார்சலோனா கிளை 1397 ஜூலை முதல் 1399 ஜனவரி வரையிலான காலத்துக்குக் கணக்கு முடித்தபோது, மொத்த ஆதாயத்திலிருந்து வாடகையையும் உணவுச் செலவையும் வாராக் கடனையும் கழித்ததோடு நிற்கவில்லை. அலுவலகத் தளவாடங்களின் தேய்மானத்துக்கு ஒரு தொகையும், இன்னும் செலுத்தப்படாத வரிகளுக்காகவும் எதிர்பாராச் செலவுகளுக்காகவும் ஒரு தொகையும் ஒதுக்கப்பட்டன. வரி அதிகாரி வந்து கேட்கும் நாள் வரும்வரை அந்த வரியை மறந்திருக்கலாம் என்று கிளையினர் கருதவில்லை. ஆதாயம் ஈட்டிய காலத்திலேயே அதன்மேல் ஏறிய பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆயினும், இந்த வழக்கம் எல்லா வணிகர்களிடமும் ஒரே சீராகப் பரவிவிடவில்லை. வெனிஸ் நகரில் தனித்துத் தொழில் நடத்திய ஆந்திரேயா பார்பரிகோ, 1418 முதல் 1449 வரையிலான தம் வணிக வாழ்வில் இரட்டைப்பதிவு முறையில் செம்மையாகக் கணக்கெழுதியவர். இருந்தும் ஆண்டுதோறும் கணக்கு முடிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறையே பேரேட்டைச் சமன்செய்தார். அவருக்கு அது குறையாகவும் தோன்றியிருக்காது. வெனிஸ் வணிகர் ஆதாயத்தை ஆண்டுவாரியாக அளக்கவில்லை, சரக்குவாரியாகவும் கப்பல் பயணவாரியாகவும் அளந்தார்கள். ஒரு மூட்டைச் சரக்கு வாங்கப்பட்ட நாளில் திறந்த கணக்கு, அதன் கடைசிப் பகுதி விற்றுத் தீர்ந்த நாளில் மூடப்பட்டது. அந்தக் கணக்கைக் காலம் குறுக்கே வெட்டவில்லை; வெட்டு இல்லாத இடத்தில் சரிக்கட்டவும் எதுவுமில்லை. 1494இல் வெனிஸில் அச்சான லூக்கா பச்சோலியின் கணித நூல், கணக்கெழுதுவதற்கென்றே 36 அதிகாரங்களை ஒதுக்கியிருந்தும், கொடுபடுவனவற்றையும் முன்செலுத்தியனவற்றையும் ஆண்டிறுதியில் பிரித்தெழுதும் முறையைக் கற்பிக்காததற்கு இந்த வெனிஸ் வழக்கமே காரணம் என்று கொள்ளலாம். கணக்கை ஆண்டுதோறும் முடிப்பது நல்லது, கூட்டாளிகள் உள்ளவர்களுக்கு அது இன்னும் நல்லது என்று மட்டும் பச்சோலி அறிவுறுத்தினார்.

ஆண்டு என்னும் அளவுகோலைத் தனியாள் வணிகரின் கையில் உறுதியாகக் கொடுத்தவர் நெதர்லாந்தில் வாழ்ந்த கணித அறிஞர் சைமன் ஸ்டெவின். இளவரசர் மோரிசுக்குக் கணிதம் கற்பித்த அவர், 1607–1608ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தம் கணக்கெழுதும் நூலில் டீரிக் ரோஸ என்னும் கற்பனை வணிகர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொண்டார். மிளகும் கிராம்பும் விற்கும் ரோஸ, 1600 டிசம்பர் இறுதி நாளில் தம்மிடமுள்ள சரக்கு, ரொக்கம், வர வேண்டிய கடன் ஆகியவற்றைக் கூட்டி, தாம் கொடுக்க வேண்டியவற்றைக் கழித்து, நிகர முதல் 3,140 பவுண்டு 9 சில்லிங் 1 பென்சு என்று காண்கிறார். ஆண்டின் தொடக்கத்தில் அது 2,153 பவுண்டு 3 சில்லிங் 8 பென்சாக இருந்தது. இரண்டுக்குமுள்ள வேறுபாடான 987 பவுண்டு 5 சில்லிங் 5 பென்சு அந்த ஆண்டின் ஆதாயம். பின்னர், ஆதாயக் கணக்குகளையும் நட்டக் கணக்குகளையும் தனியே கூட்டிக் கழித்து, அங்கும் அதே தொகை வருகிறதா என்று ஸ்டெவின் சரிபார்க்கிறார். ஒரு தனி மனிதரின் தொழிலை இரு தேதிகளுக்கு நடுவே நிறுத்தி அளக்கும் இந்த முறை நிலைபெற்றதும், அந்தத் தேதிக்கோட்டின் இருபுறமும் நீளும் செலவுகளை என்ன செய்வது என்னும் கேள்வி இனி எந்த வணிகராலும் தவிர்க்க முடியாததாயிற்று. டிசம்பர் இறுதியில் ரோஸ கொடுக்க வேண்டிய வாடகையைப் பட்டியலில் எழுத மறந்தால், அவருடைய நிகர முதலும் ஆதாயமும் அந்த அளவுக்குப் பொய்யாகிவிடும்.

வணிகரின் விருப்பமாக இருந்த இந்தக் கணக்கெடுப்பைப் பிரான்சு அரசு கடமையாக்கியது. 14ஆம் லூயி மன்னரின் அமைச்சர் கொல்பேர் காலத்தில், வணிகர் ஜாக் சவாரியின் பெரும் பங்களிப்புடன் உருவான 1673ஆம் ஆண்டு வணிக ஆணை, வணிகர் ஒவ்வொருவரும் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை தம் சொத்துகளையும் வர வேண்டிய, கொடுக்க வேண்டிய கடன்களையும் பட்டியலிட்டு வைக்க வேண்டும் என்றது. 1807இல் வந்த வணிகச் சட்டத் தொகுப்பு அதை ஆண்டுக்கொருமுறை என்றாக்கியது. பெருங்குழுமங்களுக்கு மட்டுமல்லாமல், ஒற்றைக் கடைக்காரருக்கும் பொருந்திய விதி இது. திவாலாகும் வணிகர் தம் நிலையை மறைத்துக் கடன் கொடுத்தவர்களை ஏமாற்றுவதைத் தடுப்பதே ஆணையின் நோக்கம். கொடுபட வேண்டியதைப் பட்டியலில் சேர்ப்பது இங்கே பங்காளிக்குச் செய்யும் நியாயம் என்னும் எல்லையைக் கடந்து, கடன் கொடுத்தவருக்குச் செய்யும் நியாயமாகவும் விரிந்தது.

இங்கிலாந்தில் இச்சிக்கலுக்கு வடிவம் கொடுத்தவை அந்நாட்டின் காலாண்டு நாட்கள். மார்ச் 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25 ஆகிய கிறித்தவத் திருநாள்களை ஒட்டியே வாடகைகள் தீர்க்கப்பட்டன. பணியாளர்களை அமர்த்துவதும் பெரும்பாலும் இந்நாட்களிலேயே நடந்தது. கடைக்காரரின் கணக்காண்டு முடியும் நாளில் வாடகைக்காலம் பெரும்பாலும் முடிவதில்லை. 1666இல் லண்டனை அழித்த பெருந்தீக்குப் பின்னர் வளர்ந்த தீக்காப்பீடு, ஆண்டுக் கட்டணத்தை முன்னதாகச் செலுத்தும் செலவாக வணிகரின் ஏட்டுக்குள் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் தொடங்கிய பொது எரிவாயு வழங்கல், மீட்டர்கள் பரவிய பிறகு, எரித்து முடித்தபின் செலுத்தும் செலவாக வந்தது. இவ்வாறு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள், சாதாரணத் தெருக்கடை ஒன்றின் கணக்கேட்டிலேயே இரு வகைச் சரிக்கட்டல்களும் ஆண்டுதோறும் தேவைப்பட்டன.

அத்தகைய கடையொன்றின் ஏட்டை அருகிலிருந்து பார்த்தால் இதன் செயல்பாடு விளங்கும். கணக்காண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. வாடகை காலாண்டுக்கு 30 பவுண்டு. மூன்று காலாண்டுகளுக்கு 90 பவுண்டு செலுத்தியாகிவிட்டது, நான்காவது காலாண்டின் தொகை இன்னும் கொடுபடவில்லை. அக்டோபர் 1இல் ஓராண்டுக் காப்பீட்டுக்கு 24 பவுண்டு செலுத்தப்பட்டிருக்கிறது. ரொக்க ஏட்டை மட்டும் நம்பினால் இவ்விரண்டுக்குமான செலவு 114 பவுண்டு. உண்மையில் அனுபவித்த வாடகை 120 பவுண்டு. அனுபவித்த காப்பீடு மூன்று மாதங்களுக்குரிய 6 பவுண்டு. ஆகச் செலவு 126 பவுண்டு. வாடகைக் கணக்கில் 30 பவுண்டு கூட்டப்பட்டுப் பொறுப்பாகவும், காப்பீட்டுக் கணக்கில் 18 பவுண்டு கழிக்கப்பட்டுச் சொத்தாகவும் இருப்புநிலைக் குறிப்புக்குச் செல்கின்றன. அடுத்த ஆண்டின் முதல் நாளில் இவ்விரு தொகைகளும் தத்தம் கணக்குகளுக்கே தொடக்க இருப்பாகத் திரும்புகின்றன. ஆகவே, ஜனவரியில் 30 பவுண்டு வாடகை செலுத்தப்படும்போது அது புதிய ஆண்டின் செலவைக் கூட்டாமல் பழைய பொறுப்பைத் தீர்க்கிறது. 18 பவுண்டு காப்பீடோ புதிய ஆண்டின் செலவாகத் தன் முறைப்படி கரைகிறது. சரிக்கட்டாமல் விட்டிருந்தால் ஆதாயம் 12 பவுண்டு கூடுதலாகத் தெரிந்திருக்கும். அந்த 12 பவுண்டை ஆதாயம் என நம்பிக் குடும்பச் செலவுக்கு எடுக்கும் கடைக்காரர், தம் முதலையே எடுத்து உண்கிறார். அவருக்குக் கணக்குக் கேட்கப் பங்காளி இல்லை. அதனாலேயே அவருடைய ஏடு அவருக்கு உண்மையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இன்னும் பெரிது.

நடைமுறையாக வளர்ந்த இவ்வழக்கத்துக்குக் கோட்பாட்டு விளக்கம் 20ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. ஜெர்மானியப் பேராசிரியர் யூஜென் ஷ்மாலன்பாக் 1919இல் வெளியிட்ட இயங்கு இருப்புநிலைக் கோட்பாடு, இருப்புநிலைக் குறிப்பைச் சொத்துகளின் விலைப்பட்டியலாகக் கருதும் பழைய எண்ணத்தை மறுத்தது. பணம் வெளியேறியும் செலவாகாதவை, செலவாகியும் பணம் வெளியேறாதவை, ஈட்டியும் பணம் வராதவை, பணம் வந்தும் ஈட்டப்படாதவை என, இரு கணக்காண்டுகளுக்கு நடுவே தீராமல் நிற்கும் தொகைகளைக் காத்து அடுத்த ஆண்டிடம் ஒப்படைக்கும் இடமே இருப்புநிலைக் குறிப்பு என்று அவர் விளக்கினார். இந்தப் பார்வையில் இயந்திரமும் கட்டடமும்கூட நீண்ட காலத்துக்கு முன்செலுத்தப்பட்ட செலவுகளே. ஏட்டின் ஓரத்தில் இருப்பவையாகத் தோன்றிய சரிக்கட்டுப் பதிவுகளை அவர் கணக்கியலின் நடுவிடத்துக்குக் கொண்டுவந்தார். 1971இல் பிரிட்டனின் கணக்காளர் அமைப்புகள் வெளியிட்ட 2ஆம் எண் கணக்கியல் தரநிலை, நிறுவனத் தொடர்ச்சி, மாறாத் தன்மை, முன்னெச்சரிக்கை ஆகியவற்றுடன் நிகழ்வு அடிப்படையையும், அதாவது பணம் கைமாறும் நாளைக் கருதாமல் வரவும் செலவும் உண்டான காலத்திலேயே அவற்றைப் பதிவதையும், நான்கு அடிப்படைக் கருத்துகளுள் ஒன்றாக அறிவித்தது.

வரிச் சட்டங்கள் இந்த வரலாற்றில் பின்னரே நுழைந்தன. நுழைந்த பிறகும் ஒரே திசையில் செல்லவில்லை. இந்தியாவில் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 145ஆம் பிரிவு, தனியாள் வணிகர் ரொக்க அடிப்படையையோ நிகழ்வு அடிப்படையையோ பின்பற்ற இடமளித்தது. இரண்டையும் கலந்தெழுதும் கலப்பு முறை மட்டும் 1997–98 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து விலக்கப்பட்டது. பிரிட்டனில் 1998ஆம் ஆண்டு நிதிச் சட்டம், வழக்கறிஞர் முதலிய தொழிலறிஞர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றிவந்த ரொக்க முறையைப் பெரும்பாலும் முடிவுக்குக் கொண்டுவந்து நிகழ்வு அடிப்படையைக் கட்டாயமாக்கியது. ஆனால், 2013இல் சிறு வணிகர்களுக்காக ரொக்க அடிப்படை மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2024 ஏப்ரல் 6 முதல் தனியாள் வணிகர்களுக்கு அதுவே இயல்பான முறையாகி, நிகழ்வு அடிப்படை வேண்டுவோர்தாம் அதைத் தனியே தேர்ந்தெடுக்க வேண்டும் என்னும் நிலை வந்துள்ளது.

இந்த மாற்றம் சிறு வணிகரின் எழுத்துச் சுமையைக் குறைப்பது உண்மை. அவர்கள் அதை வரவேற்பதிலும் நியாயம் உண்டு. ஆனால், அரசுக்குக் கொடுக்க வேண்டிய தொகையைக் கணக்கிடுவதும், தம் தொழில் எந்நிலையில் இருக்கிறது என்பதை அறிவதும் வேறு வேறு செயல்கள். வரி அலுவலகம் கேட்காவிட்டாலும், டிசம்பர் மாத வாடகை டிசம்பருக்கே உரியது. அடுத்த ஆண்டின் காப்பீடு அடுத்த ஆண்டையே காக்கிறது. ஆண்டெல்லையை வகுத்தவர் மனிதர் என்பதால், அந்த எல்லை எதையும் எவரிடமிருந்தும் அபகரிக்காமல் பார்த்துக்கொள்ளும் கடமையும் மனிதருடையதே. சலோன் நகரத்து அமத்தீனோ மனுச்சிக்கு அந்தக் கடமையைச் சொல்லிக்கொடுக்கப் பாடநூலும் இல்லை, கட்டாயப்படுத்தத் தரநிலையும் இல்லை. இருந்தும் அவர் 4 லிவ்ரைக் கழிந்த ஆண்டுக்கு எழுதி, 12 லிவ்ரை இன்னும் வாராத மூன்று ஆண்டுகளுக்கென்று தொடாமல் வைத்தார்.